அச்சுக்குள் பூசியவள்

என் அக்காவின் கணவர் நான்கு வருடம் என்னோடு நேராக ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஒரே வளவு, ஒரே அடுக்களை, ஒரே வேலைக்கொட்டில். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் அக்காவைக் கூப்பிட்டு, "உவளிட்டைச் சொல்லு" என்றுதான் தொடங்குவார். அச்சை மத்தியானத்துக்கு முன்னம் பூசி வைக்கவேண்டுமாம், தூரிகையைக் கழுவி வைக்கவேண்டுமாம். அக்கா என் பக்கம் திரும்பி அதையே இன்னொரு தரம் சொல்வாள். அக்கா சொல்லி முடியும்வரை நான் காது கேளாதவள் போல நிற்பேன். பிறகுதான் கையை அசைப்பேன். அவருக்கும் எனக்கும் பிடிவாதம் ஒரே அளவுதான்.

எங்கள் வீடு குருநகரில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. சுற்றிவர இருந்தவர்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் அப்பா மட்டும் சொரூபம் செய்கிறவர். இளம் வயதில் கோயில் கட்ட வந்த ஒரு வெள்ளைக்காரத் துறவறச் சகோதரருக்குக் கைவேலை செய்து, அவரிடமிருந்து சாந்து வார்க்கும் வேலையைப் பிடித்துக்கொண்டார். அந்தோனியார், சூசையப்பர், செபஸ்தியார், மாதா என்று ஒன்பது அச்சுகள் எங்கள் கொட்டிலில் இருந்தன. எல்லாம் அப்பா களிமண்ணில் உருவம் பிடித்து, அதன் மேல் சாந்து வார்த்து எடுத்தவை. ஒவ்வொரு அச்சும் பத்துப் பதினைந்து துண்டாகப் பிரியும். துண்டுகளைப் பொருத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கொழும்பிலிருந்து பீப்பாயில் வரும் வெள்ளைச் சாந்தைக் கரைத்து உள்ளே ஊற்றவேண்டும். சாந்து சூடேறி, இறுகி, திரும்ப ஆறும். ஆறியதும் துண்டு துண்டாகக் கழற்றினால் உள்ளே அந்தோனியார் நிற்பார்.

ஆனால் அச்சும் சாந்து, ஊற்றுவதும் சாந்து. இடையில் ஒரு பூச்சு இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தப் பூச்சுத்தான் என் வேலை. பதினைந்து வயதில் தொடங்கினேன். அப்பாவின் விரல்கள் தடித்தவை. மூக்குத் துவாரத்துக்குள்ளும் கண்ணிமையின் கீழும் அவருக்குத் தூரிகை போகாது. நான் கோழியிறகின் நுனியால் பூசுவேன்.

முதலில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, இரண்டு தரம். அது அச்சின் நுண்துளைகளை அடைக்கும். பழைய அச்சென்றால் அரக்குத் தேய்ந்த இடத்தைத் தேடிப் பார்த்துத் திரும்பப் பூசவேண்டும். பிறகு சவர்க்காரத்தைச் சீவி, தண்ணீரில் காய்ச்சி, மூன்று தரம் பூசித் துடைக்கவேண்டும். நுரையின் ஒரு குமிழ் மடிப்புக்குள் தங்கினாலும் அது சொரூபத்தின் முகத்தில் குழியாக வந்து நிற்கும். கடைசியாக, கோயிலில் எரிந்து முடிந்த மெழுகுதிரித் துண்டுகளை மண்ணெண்ணெயில் கரைத்து, பழந்துணியில் தொட்டுத் தொடாத மாதிரி ஒரு தேய்ப்பு. கூடினால் சொரூபம் மஞ்சளாகும், குறைந்தால் ஒட்டும்.

இதெல்லாம் பார்த்தால் பிடிபடும். பார்த்தால் பிடிபடாதது தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணறு சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வெட்டியது, கடலும் கிட்ட. அந்தத் தண்ணீரில் சவர்க்காரத்தைக் காய்ச்சினால் திரிந்த பால் போலத் துணுக்குத் துணுக்காக மிதக்கும். அதைப் பூசினால் ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் ஒன்றுமே இராது. அப்பா இரண்டு சொரூபங்களைப் பாழாக்கித்தான் இதைக் கண்டுபிடித்தாராம். மாரியில் கூரை ஓட்டிலிருந்து வழியும் தண்ணீரை ஒரு பெரிய தாழியில் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, வருடம் முழுக்கப் பூச்சுக்கு மட்டும் வைத்திருப்போம். அம்மா நான் இரண்டு வயதாக இருக்கையிலேயே இறந்துபோனபடியால் அக்காவுக்கு அடுக்களைதான் உலகம். கொட்டிலுக்குள் அவள் கால் வைத்ததில்லை. தாழி என் தலைமுழுக்குக்கு என்று அவள் நினைத்திருந்தாள். தலைமயிர் மென்மையாக இருக்க மழைத்தண்ணீர் நல்லது என்று பெண்கள் சொல்வதுண்டு. நானும் திருத்தவில்லை.

அப்பா காய்ச்சலில் போனபோது எனக்கு இருபது வயது. வீடும் கொட்டிலும் அக்காவின் சீதனம். அதுவரை கொழும்பில் கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்த அத்தான் பெட்டியோடு வந்து இறங்கினார்.

வந்த கிழமையே அவர் அந்தோனியார் ஒன்று வார்த்தார். என் பூச்சு வேண்டாம் என்றார். கொழும்பில் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தானாம். அச்சைக் கழற்றியபோது கோயில் மூப்பரும் இன்னும் இரண்டு பேரும் பார்க்க வந்திருந்தார்கள். அந்தோனியார் மஞ்சள் பூத்து, முகம் முழுக்க அம்மைத் தழும்போடு வந்தார். நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திச் சிரிக்கவில்லை, நன்றாகவே சிரித்தேன். மூப்பரும் சேர்ந்து சிரித்தார். அத்தான் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவருக்கு "உவள்" ஆனேன்.

அவர் என்னை வெறுத்ததற்கு அந்தச் சிரிப்பு ஒரு காரணம். நான் இல்லாமல் அந்தக் கொட்டில் ஓடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். வருகிறவர்களுக்கு அது தெரியும். சொரூபத்தின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "சின்னவள் பூசினதோ?" என்று கேட்பார்கள். அவர் ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு மீன் வராது. அக்கா தன் பங்கில் ஒரு துண்டைச் சோற்றுக்குள் ஒளித்துத் தருவாள். அதை நான் வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில், அவர் காணும்படி வைப்பேன். அக்காவுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துதான் வைத்தேன்.

மூன்றாம் வருடம் பாஷையூரிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. மாப்பிள்ளை வள்ளம் கட்டும் தச்சன். அமைதியான ஆள். வந்த இடத்தில் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, அச்சுத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துகிற விதத்தைப் பற்றி என்னிடமே இரண்டு கேள்வி கேட்டார். அத்தான் இருந்த இடத்திலேயே நான் பதில் சொன்னேன். அவர்கள் சந்தோசமாகத்தான் போனார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஒரு மாதம் கழித்து, மீன் கடகத்தோடு படலைக்கு வருகிற பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"பிள்ளை, உனக்கு வலிப்பு வாறதெண்டு அவையளுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம். உண்மையோ?"

எனக்குத் தலைவலிகூட வருவதில்லை. யார் சொன்னதென்று அவளுக்குத் தெரியவில்லை, வீட்டுப் பக்கமிருந்து போன கதை என்று மட்டும் சொன்னாள். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான் போய்விட்டால் பூச ஆளில்லை, அதனால் அத்தான் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் இருமினாலும் எனக்கு எரிந்தது. கொட்டிலில் அவர் முதுகைக் கண்டால் கையிலிருப்பதை எறியவேண்டும் போல வரும். அக்காவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை. எல்லாம் கடவுள் சித்தம் என்று ஏதோ முணுமுணுத்தாள்.

அடுத்த ஆடியில் அக்கா கொட்டிலுக்குள் வந்து என் பக்கத்தில் குந்தத் தொடங்கினாள். முதல் நாள் சும்மா பார்க்க வந்தேன் என்றாள். இரண்டாம் நாள் அரக்குக்கு எவ்வளவு ஸ்பிரிட்டு என்று கேட்டாள். மூன்றாம் நாள் மெழுகை எவ்வளவு நேரம் ஊறவைப்பாய் என்று கேட்டாள். அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியாமலா? நான் எல்லாவற்றுக்கும் சரியான பதிலே சொன்னேன். தண்ணீரைப் பற்றி அவள் கேட்கவில்லை. நான் காலையில் வெள்ளாப்போடேயே சவர்க்காரத்தைக் காய்ச்சி வைத்துவிடுவேன். அவள் அடுக்களை வேலை முடிந்து வருகையில் சட்டி தயாராக இருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இத்தனை வருடத்தில் பல தரம் யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்கமாட்டேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு, சாப்பாட்டு நேரத்தில், அத்தான் அக்காவைப் பார்த்துச் சொன்னார். கன்னியர் மடத்து அடுக்களைக்கு ஆள் தேவையாம். அவர் போய்க் கதைத்துவிட்டாராம். மாதாவின் திருநாள் முடிந்தவுடன் நான் போகலாமாம். "உவளிட்டைச் சொல்லு, சாமானைக் கட்டி வைக்கச் சொல்லி."

அக்கா என் பக்கம் திரும்பினாள். இந்த முறை அவள் திருப்பிச் சொல்வதற்கு முன்னமே நான் எழுந்து கையைக் கழுவப் போய்விட்டேன்.

அந்த நேரம் தீவுப் பக்கத்துக் கோயில் ஒன்றுக்கு மாதா சொரூபம் வார்க்கக் கேட்டிருந்தார்கள். எங்களிடமிருந்த அச்சுகளில் பெரியது அதுதான். நின்றால் என் நெஞ்சளவு வரும். அப்பா செய்ததில் அவரே திருப்திப்பட்டதும் அது ஒன்றுதான். அந்த முகம் அம்மாவைப் போல என்று அக்கா சொல்வாள். அவளுக்கு அம்மாவைத் தெரியும். எனக்கு அம்மாவின் முகம் நினைவில் இல்லை. நிழற்படம் எடுக்கிற வீடும் இல்லை எங்களது. அச்சைக் கழற்றுகிற ஒவ்வொரு தரமும் நான் அந்த முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வார்க்கிற நாள் காலை, பூச்சைத் தானே செய்யப்போவதாக அத்தான் அறிவித்தார். நான் முற்றத்தில் இருந்து மீன் கழுவினேன். கொட்டிலின் முன்பக்கத்துக்குச் சுவர் இல்லை. எல்லாம் எனக்குத் தெரிந்தது. அரக்கைத் தொடவில்லை அவர். பழைய அரக்குப் போதும் என்று நினைத்தாரோ, நேரம் போகும் என்று நினைத்தாரோ. மூக்கிலும் மேலுதட்டிலும் அது தேய்ந்திருந்ததை நான் போன முறையே கண்டிருந்தேன். பிறகு சவர்க்காரத்தைச் சீவினார். அக்கா கிணற்றில் ஒரு வாளி அள்ளி, என்னைக் கடந்து கொண்டுபோனாள். தாழி கொட்டில் மூலையில், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

சட்டி கொதித்தது. அக்கா அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். அத்தான் அச்சுத் துண்டுகளை வரிசையாக வைப்பதில் மும்முரமாக இருந்தார். அக்கா சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து என் முன்னால் வைத்தாள். வெள்ளைத் துணுக்குகள் மேலே மிதந்தன.

"இது இப்பிடித்தானே வரும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் முகத்தில் பயம் இருந்தது. அத்தானுக்கு வேலை பிழைத்தால் அடி யாருக்கு விழும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு அது தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை.

"ஓம்" என்றேன்.

அவள் சட்டியைக் கொண்டுபோனாள். நான் மீனைத் திரும்பக் கழுவினேன்.

பூசினார்கள். துணுக்கு மடிப்புகளில் தங்கியிருக்கும். அவர் அதைத் துடைத்து எடுத்திருந்தால் கீழே பூச்சே இருந்திராது. மெழுகெண்ணெயைக் கூடுதலாகப் போட்டுத் தேய்த்தார். துண்டுகளைப் பொருத்தி, கயிறு கட்டி, சாந்தை ஊற்றினார். சாந்து கரைப்பதில் அவர் கெட்டிக்காரர், அதை மறுக்கமாட்டேன். ஊற்றி முடித்து, கையைக் கழுவி, அச்சின் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். என் பக்கம் பார்த்து ஒரு பாட்டை முணுமுணுத்தார். நான்கு வருடத்தில் அவர் சந்தோசமாக இருந்து நான் பார்த்த ஒரே நாள் அது.

மத்தியானம் கயிற்றை அவிழ்த்தார். முதுகுப் பக்கத் துண்டுகள் இழுபட்டு இழுபட்டு வந்தன. கைத்துண்டு வந்தது, ஆனால் இரண்டு விரல் உள்ளே தங்கிவிட்டது. முகத்துண்டு அசையவில்லை. மரச் சுத்தியலால் தட்டினார். ஈரத்துணி போட்டுப் பார்த்தார். ஆப்பு வைத்துப் பார்த்தார். அரை மணித்தியாலம் போயிருக்கும். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் வேலையை விட்டுவிட்டுக் கொட்டில் வாசலில் வந்து நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்றும் சொல்லவேண்டும்.

அக்கா விடச் சொல்லிக் கெஞ்சினாள். நாளைக்குப் பார்க்கலாம், மூப்பரைக் கேட்கலாம் என்றாள். அவர் உளியை எடுத்தார். பொருத்தில் வைத்து மூன்று அடி அடித்தார். மூன்றாவது அடிக்கு முகத்துண்டு குறுக்காகப் பிளந்து மூன்றாக விழுந்தது. உள்ளே இருந்த மாதாவுக்கு மூக்கில்லை. ஒரு கண்ணிமையும் மேலுதடும் அச்சோடு போய்விட்டன.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று இப்போது கேட்டால், அம்மைத் தழும்பு வந்த ஒரு சொரூபத்தை எதிர்பார்த்தேன். அவர் தலைகுனிவதை எதிர்பார்த்தேன். அச்சு உடையும் என்று நினைக்கவில்லை. அவர் கையில் உளி இருந்ததைக் கண்ட பிறகாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அத்தான் திரும்பினார். முதன்முறையாக என்னை நேராகப் பார்த்துக் கதைத்தார்.

"நீ என்ன செய்தனி?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. நான் அச்சைத் தொடவேயில்லை."

அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லும்போது எனக்கு இனித்தது. அவர் சட்டியை உதைத்தார். மிச்சமிருந்த சவர்க்காரத் தண்ணீர் தரையில் ஓடியது. பிறகு உள்ளே போய் என் தகரப்பெட்டியை எடுத்துவந்து, படலையைத் திறந்து, ஒழுங்கையில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் பெட்டியைத் தூக்கப் போனபோது அக்கா படலைக்கு வந்தாள். உடைந்த முகத்துண்டு ஒன்று அவள் கையில் இருந்தது. அழவில்லை.

"நான் கேக்க நீ ஓம் எண்டு சொன்னனி" என்றாள்.

எனக்குப் பதில் இருந்தது. ஒரு வருடமாக வைத்திருந்த பதில். "உன்ரை மனுசன் எனக்கு வலிப்பெண்டு சொல்லிக் கலியாணத்தைக் குழப்பேக்கை, நீ வாயை மூடிக்கொண்டுதானே இருந்தனி?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் மட்டும் இருக்கவில்லை, ஒருவித ஏளனமும் இருந்தது.

"அவர் சொல்லேல்லை. நான்தான் சொல்லிவிட்டனான். நீ போனால், இந்தாளோடை நான் தனியக் கிடந்து சாகவோ?"

பக்கத்து வளவுக்காரர்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியைத் தூக்கினேன். பெட்டி பாரமாக இருந்தது. அக்கா படலையைச் சாத்தினாள். உள்ளே கொளுக்கி விழுந்த சத்தம் கேட்டது.

அன்றைக்குக் கன்னியர் மடத்துக்கு நான் போகவில்லை. அவர் ஏற்பாடு செய்த இடத்தில் ஒரு பிடி சோறு தின்னக்கூடாது என்று இருந்தேன். அம்மாவின் தங்கை ஒருத்தி அச்சுவேலியில், அங்குள்ள கோயிலடியில் இருந்தாள். பஸ் ஏறி அவளிடம் போனேன். சின்னம்மா என்னை வாசலில் வைத்தே எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவளுக்கு ஆறு பிள்ளைகள். விருப்பமில்லாமல்தான் வழிவிட்டாள்.

குருநகரில் அத்தான் எல்லோருக்கும் சொல்லிவிட்டார், நான் மாதா சொரூபத்துக்கே செய்வினை செய்தேன் என்று. நம்பியவர்கள் நிறையப் பேர். தீவுக்காரர்கள் இந்தியாவிலிருந்து சொரூபம் எடுப்பித்துக்கொண்டார்கள். சின்னம்மா வீட்டிலிருந்து நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், பொறாமை, சோம்பல் எல்லாவற்றையும் சுவாமியிடம் சொன்னேன். அக்காவிடம் சொன்ன அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

அச்சுவேலியில் அப்போது மலாயாவிலிருந்து பென்சனோடு திரும்பியவர்கள் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்விறாந்தையில் சீமெந்தால் வார்த்த குட்டைத் தூண் வரிசை வேண்டும், மேலே தாமரைமொட்டு வேண்டும். அதை வார்த்துக் கொடுக்கிற ஒருவரின் வளவு சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சைவக்காரர். அவருடைய மேசன்மார் அச்சுக்குப் பழைய இயந்திர எண்ணெயைப் பூசினார்கள். தூண் கறுப்புத் திட்டுத் திட்டாக வந்தது, மொட்டின் இதழ் உடைந்தது. வேலிக்கு மேலால் இதை மூன்று நாள் பார்த்துவிட்டு, நான்காம் நாள் போய், எனக்கு ஒரு அச்சைத் தாருங்கள் என்று கேட்டேன்.

சீமெந்துக்குச் சவர்க்காரம் தேவையில்லை. அரக்கும் மெழுகெண்ணெயும் போதும். நான் பூசிய அச்சிலிருந்து தூண் தானாக வழுகி வந்து விழுந்தது. முதலாளி தூணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நாளைக்கு வரச்சொல்லி மேசனிடம் சொன்னார்.

பதினொரு வருடம் அங்கே வேலை செய்தேன். கிணற்றுக்கட்டில் நான் ஏறக்கூடாது. தாகமெடுத்தால் முதலாளியின் மகள் வந்து என் கையில் தண்ணீர் வார்ப்பாள், செம்பு என் கையில் பட்டுவிடாதபடி உயரத்திலிருந்து. மேசன்மாருக்கு ஒரு கடற்கரைப் பெண் தங்கள் அச்சைத் தொடுவது பிடிக்கவில்லை. ஒருவன் நான் பூசி வைத்த அச்சைக் காய்ந்த சாக்கால் துடைத்துவிடுவான். இரண்டு தரம் பொறுத்தேன் என்று சொல்வது சரியில்லை, இரண்டு தரம் பார்த்து உறுதிப்படுத்தினேன். மூன்றாம் தரம் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்து, அவன் கையில் சாக்கு இருக்கும்போதே காட்டினேன். அன்றே அவனை அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு நான்கு பிள்ளைகள் என்று மற்ற மேசன் என் காதுபடச் சொன்னான். நான் அடுத்த அச்சை எடுத்தேன். எந்த வளவில் நின்றாலும் என்னைப் பிடிக்காதவர்களோடுதான் நின்றிருக்கிறேன். இதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

கலியாணம் நடக்கவில்லை. பாஷையூர்த் தச்சன் எங்கோ கட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகளோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. கப்பலில் சாந்துப் பீப்பாய் வருவது நின்றது. குருநகர்க் கொட்டில் அதோடு மூடப்பட்டது. அத்தான் பலாலிப் பக்கம் கல்லுடைக்கும் வேலைக்குப் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. மறைக்கமாட்டேன்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு நாள் பின்னேரம், நான் சீமெந்துக் கையோடு நிற்கையில், வளவு வாசலில் அக்கா நின்றாள். மெலிந்திருந்தாள். காதில் தோடு இல்லை. சுகம் கேட்கவில்லை. வளவின் மேற்குத் துண்டு இன்னும் அப்பாவின் பெயரில் இருக்கிறதாம், விற்பதற்கு என் கையெழுத்து வேண்டுமாம், சந்தியில் காணி எழுதுகிற நொத்தாரிசு காத்திருக்கிறாராம். நான் கையைக் கழுவிக்கொண்டு அவளோடு நடந்தேன். காணி உறுதிப் பத்திரத்தை வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்து வைத்தேன். எதற்கு விற்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

வெளியே வந்தபோது அச்சுகள் எங்கே என்று கேட்டேன். அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உடைச்சு ஒழுங்கைக் கிடங்குக்குப் போட்டாச்சு" என்றாள். "மாரியிலை வெள்ளம் நிக்கிற இடம்."

அவ்வளவுதான். யுத்த காலம், பெற்றோல் தட்டுப்பாடு, யாழ்ப்பாணத்துக்கு பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவளை விட்டுவிட்டு நான் வேலைக்குத் திரும்பியிருக்கலாம். ஏனோ நின்றேன். சந்தைக்கு முன்னால், வாழைக்குலை ஏற்றிய நீர்வேலி வண்டில்களுக்குப் பக்கத்தில், ஒரு மணித்தியாலம் இருவரும் நின்றோம். அவள் தெருவைப் பார்த்தாள். நான் வண்டில் மாட்டைப் பார்த்தேன். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவருமே கொடுத்திருக்கமாட்டோம்.

ஒரு தரம் அவள் கை நீண்டு வந்தது. என் சட்டைக் கையில் காய்ந்து ஒட்டியிருந்த சீமெந்தை நகத்தால் சுரண்டினாள். சின்ன வயதில் என் தலையில் ஈர் பார்க்கிற அதே கவனத்தோடு, அது முழுக்கப் போகும்வரை சுரண்டினாள். பிறகு தான் என்ன செய்கிறேன் என்று அப்போதுதான் கண்டவள் போலக் கையை எடுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. ஆட்கள் நெருக்கினார்கள். அவள் முன்கதவால் ஏறி, நான் நின்ற பக்கத்தை விட்டு, மறுபக்கத்து இருக்கையில் போய் இருந்தாள்.